வெளிக் கேமராவை அணைத்துவிட்டு வாருங்கள்

கணினித் திரையில் நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டும் கோலார் தங்கவயல் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

மாரிகுப்பத்தில் அதிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய், இரவு ரயிலில் திரும்பி, அதற்குப் பிறகும் தூக்கத்தில் கொஞ்சம் கடன் வாங்கி நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, விளையாட்டைத் தொடங்குமுன் ரியலிசத்தை நூறு சதவீதத்தில் வைத்துவிட்டு ஆடுகிறவர்களுக்காக. வீட்டில் இதை வீண் பொழுதுபோக்கு என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடினமான ஒரு பாடத்தை நீங்கள் விரும்பிப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பாடம் வேறெந்த ஊரைக் காட்டிலும் உங்கள் ஊருக்குத்தான் அதிகம் உதவும் என்பது என் வாதம். அதைச் சான்றுகளோடு எடுத்துவைக்கிறேன். எதிர்வாதங்களுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ரியலிசத்தைத் தேர்ந்தெடுக்கும் அமைப்புப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 2005-இல் யூபிசாஃப்ட்டின் ருமேனியக் கிளை உருவாக்கிய சைலண்ட் ஹன்டர் 3 விளையாட்டை உங்களில் பழையவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதில் ரியலிசம் என்று ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் குறியிடக் குறியிட சதவீதம் ஏறும். ஆனால் ஏறுவது சதவீதம் மட்டும்தான். உங்கள் கையில் இருப்பதெல்லாம் குறைந்துகொண்டே போகும். ஒரு குறி போட்டால் பேட்டரி தீரும். இன்னொன்று போட்டால் மூச்சுக்காற்று தீரும். அடுத்ததில் டார்பிடோ வெடிக்காமல் போகலாம். அப்புறம் எதிரிக் கப்பல் எங்கே இருக்கிறது என்று வரைபடம் காட்டாது. குறிபார்க்க உதவும் அதிகாரி விலகிக்கொள்வார். கடைசியில் கப்பலை வெளியிலிருந்து பார்க்கும் கேமராவும் போய்விடும். அலைமேல் பறந்து, கப்பலைச் சுற்றி வந்து, டார்பிடோவின் முதுகில் ஏறிப் பார்த்த கண் அதோடு அணைந்துவிடுகிறது. மிஞ்சுவது ஓர் இரும்புக் குழாய், சில முள்மானிகள், பெரிஸ்கோப்பின் சின்ன வட்டம், நீருக்கடியில் வரும் சத்தத்தைக் கேட்கக் காதில் மாட்டிய ஹைட்ரோஃபோன். படம் எவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்பதற்கு அந்தப் பட்டியலில் ஒரு சதவீதமும் கிடையாது. அந்த இடத்தில் இருந்த மனிதனுக்குத் தெரியாதது உங்களுக்கும் தெரியாமல் இருப்பதுதான் ரியலிசம் என்று அந்தப் பட்டியல் சொல்லாமல் சொல்கிறது.

இது வெறும் கொள்கைப் பேச்சில்லை, கையால் செய்து பார்க்கலாம். குறிபார்க்கும் அதிகாரி விலகியபின் எதிரே போகும் கப்பலின் வேகத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பெரிஸ்கோப்பின் நடுக்கோட்டை அசையாமல் நிறுத்தி, கப்பலின் முன்முனை கோட்டைத் தொடும்போது கடிகாரத்தை அழுத்தி, பின்முனை கடக்கும்போது நிறுத்துகிறீர்கள். 30 விநாடி. அடையாளப் புத்தகத்தில் அது 120 மீட்டர் கப்பல் என்று தெரிகிறது. விநாடிக்கு 4 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 8 கடல்மைல். கணக்கு சரி. ஆனால் அந்த மங்கலில் நீங்கள் பார்த்தது வேறு ரகக் கப்பலாக இருந்து, அதன் உண்மை நீளம் 140 மீட்டர் என்றால்? வேகம் 9 கடல்மைல் ஆகிவிடும். 1500 மீட்டர் தொலைவிலிருந்து, மணிக்கு 30 கடல்மைல் வேகத்தில் போகும் டார்பிடோ அங்கே சேர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் உங்கள் கணக்குக்கும் கப்பலுக்கும் சுமார் 65 மீட்டர் வித்தியாசம் விழுந்திருக்கும். நடுவயிற்றைக் குறிவைத்த டார்பிடோ பின்முனையை உரசிப் போகலாம், உரசாமலும் போகலாம். ஒரு மணி நேரக் காத்திருப்பு புத்தகத்தில் தவறான பக்கத்தைப் புரட்டியதால் கடலோடு போனது. அது உங்களுக்குத் தெரியவும் வராது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். ஒன்றரை நிமிடம் கடக்கும், இரண்டு கடக்கும், எந்தச் சத்தமும் வராது. கணக்குத் தவறா, டார்பிடோ பழுதா என்று சொல்ல அங்கே ஆளில்லை.

இரண்டாம் உலகப் போர்க்கால மாலுமிகளும் இப்படித்தான் இருந்தார்கள். 1940 வசந்தத்தில் நார்வே கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் ஏவிய டார்பிடோக்கள் வெடிக்காமல் போனபோது, தவறு குறிபார்த்தவனிடமா கருவியிடமா என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அமெரிக்கக் கடற்படையின் மார்க் 14 டார்பிடோவின் கோளாறுகளை முழுதாக ஒப்புக்கொண்டு சரிசெய்ய 1943 வரை ஆயிற்று. அதுவரை பழியில் பெரும்பங்கு தளபதிகள் தலையில் விழுந்தது. நீங்கள் அதிகம் ஓட்டும் ஏழாம் வகை ஜெர்மன் கலத்தின் நீளம் 67 மீட்டர். உள்ளே நாற்பத்து சொச்சம் பேர். நீருக்கடியில் மணிக்கு 4 கடல்மைல் வேகத்தில் போனால் 80 கடல்மைல். அதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். இருபதே மணி நேரம். ஆழத்தில் இருப்பவனின் தனிமை இன்றும் மாறவில்லை. திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணத்தில் 1990 முதல் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை நிலையம் இயங்குகிறது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட வானொலி அலையில், நீருக்கடியில் இருக்கும் நம் நீர்மூழ்கிகளுக்கு அங்கிருந்து செய்தி போகிறது. அந்த அலை கடல்நீருக்குள் சில மீட்டர் வரை ஊடுருவும். கீழே இருப்பவர் அதைக் கேட்டுக்கொள்ளலாம், அதே வழியில் பதில் சொல்ல முடியாது. கட்டபொம்மன் பேசுவார், மற்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

தகவலை மறைத்து ஆடும் ஆட்டத்தால் உண்மையான அறிவு கிடைக்குமா என்று கேட்டால் அதற்கும் வரலாற்றில் சான்று இருக்கிறது. 1942 ஜனவரியில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், ஓய்வு பெற்றிருந்த கடற்படை அதிகாரி கில்பர்ட் ராபர்ட்ஸிடம் ஒரு பெரிய அறையைக் கொடுத்தார்கள். கூட இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் கடற்படைப் பிரிவின் இளம்பெண்கள். தரையைக் கடலாக்கி, சுண்ணக்கட்டியால் கப்பல்களின் பாதையை வரைந்து, நிமிடக் கணக்கில் காய் நகர்த்தினார்கள். ஆட வந்த அதிகாரிகளைத் துணித்திரைக்குப் பின்னால் நிறுத்தி, சின்னத் துளை வழியாக மட்டும் பார்க்க விட்டார்கள். கப்பலின் மேல்தளத்திலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் துளையில் தெரியும். நீர்மூழ்கியின் பாதை பச்சைச் சுண்ணத்தில் வரையப்பட்டது; அந்தக் கோணத்திலிருந்து அது கண்ணில் படாது. இப்படி ஆடிப் பார்த்துத்தான், நீர்மூழ்கிகள் இரவில் கப்பல் கூட்டத்தின் பின்பக்கமாக நீர்மட்டத்திலேயே உள்ளே புகுந்து, நடுவிலிருந்து சுடுகின்றன என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு எதிராக வகுத்த உத்திக்கு, அங்கே வேலை பார்த்த ஜீன் லெய்ட்லா என்ற இளம்பெண் ‘ராஸ்பெர்ரி’ என்று பெயர் வைத்தார். போர் முடிவதற்குள் அந்த அறையில் ஏறக்குறைய 5000 அதிகாரிகள் பயிற்சி பெற்றார்கள். அவர்களுக்குப் பயன்பட்டது துளையின் சிறுமை. திரையை விலக்கி முழுத் தரையையும் காட்டியிருந்தால் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும்; கடலில் நிற்கும் அதிகாரி ஏன் தவறு செய்கிறார் என்பது மட்டும் யாருக்கும் புரிந்திருக்காது.

இதைத் தங்கவயல் பிள்ளைகளிடம் ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கால்களுக்குக் கீழே கிடப்பது இதே வகை உலகம். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய வேலை, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. ஒரே இறக்கத்தில் அடியைத் தொட முடியாது. ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழி ஒன்றில் கேஜ் என்ற கூண்டில் இறங்கி, உள்ளே நடந்து, இன்னொரு ஷாஃப்டில் மறுபடி இறங்க வேண்டும். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலே காற்றைக் குளிரவைத்து உள்ளே அனுப்பினால்தான் மனிதன் நிற்க முடியும். தொப்பி விளக்கின் வட்டம்தான் பார்வையின் எல்லை. மேலே கேஜை ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சினை ஓட்டுகிறவருக்கும் கேஜ் கண்ணில் படாது. ஆழத்தைக் காட்டும் முள்ளும் மணிச் சைகையும்தான் அவருடைய பெரிஸ்கோப். அவற்றை நம்பித்தான் கண்ணுக்குத் தெரியாத அத்தனை பேரையும் அவர் ஏற்றி இறக்கினார். பாறை எப்போது வெடித்துச் சிதறும் என்று யாருக்கும் தெரியாது. ராக் பர்ஸ்ட் என்று ஊரில் குழந்தைக்கும் தெரிந்த அந்த ஆபத்துக்கு முன்னறிவிப்பு உண்டென்றால், அது காதுக்கு வரும் சத்தம்தான். அதைக் கேட்பதற்காகவே பிற்காலத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு சுரங்கத்துக்குள் நுண்ணதிர்வுக் கருவிகளைப் பதித்தார்கள். 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் உங்கள் ஊரில் தொடங்கப்பட்டதற்கும் இந்த ஆபத்தோடு இருந்த நீண்ட பழக்கமே அடித்தளம். நீர்மூழ்கியில் ஹைட்ரோஃபோன்காரர் செய்யும் வேலையை இங்கே பாறைக்குள் செய்தார்கள்.

கேட்பதற்காகவே ஆழத்துக்குப் போன வேறு சிலரும் உங்கள் ஊர் வரலாற்றில் இருக்கிறார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பி.வி. ஸ்ரீகண்டன் 1950-களின் தொடக்கத்திலேயே விண்கதிர்த் துகள்களை அளக்கும் கருவிகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனார். ஆழம் கூடக்கூட மேலிருந்து வரும் துகள்கள் குறைந்தன. அறுபதுகளின் தொடக்கத்தில், 2700 மீட்டருக்கும் கீழே ஒரு கருவியை வைத்து இரண்டு மாதம் காத்திருந்தார்கள். மியூவான் என்ற அந்தத் துகள் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. இரண்டு மாத மௌனம். நம் விளையாட்டுகளில் இப்படி ஒரு கட்டம் வந்தால் பிழை என்று புகார் எழுதுவோம். அவர்கள் அதையே கண்டுபிடிப்பாக எடுத்துக்கொண்டார்கள். மற்ற இரைச்சல் எல்லாம் அடங்கிப்போன இடத்தில்தான், பூமியையே ஊடுருவி வரும் நியூட்ரினோ என்ற துகளின் தடம் கேட்கும் என்று கணக்கிட்டார்கள். 1965-இல் சாம்பியன் ரீஃபில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சேர்ந்த குழு வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தது. எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன், வி.எஸ். நரசிம்மம், மியாகே, வுல்ஃபெண்டேல் எல்லாரும் அதில் இருந்தார்கள். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் இதே முடிவு வந்தது. காத்திருப்பதும் கேட்பதும் செயல்தான் என்பதற்கு உங்கள் மண்ணிலேயே அத்தாட்சி இருக்கிறது.

இப்போது இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2001 பிப்ரவரி 27: சோவியத் யூனியனில் கட்டப்பட்டு 1969-இல் நம் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பல் ஓய்வு பெற்றது. 2001 பிப்ரவரி 28: தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன. இரண்டுக்கும் நடுவே ஒரே நாள். குர்சுராவைக் கடலிலிருந்து மணலுக்கு இழுத்துவந்து, விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் நிறுத்தி, அடுத்த ஆண்டே அருங்காட்சியகமாக்கினார்கள். 91 மீட்டர் நீளத்தில் ஏழு அறைகள். வட்டக் கதவுகளில் குனிந்து நுழைந்து, டார்பிடோவுக்குப் பக்கத்தில் மாலுமி எப்படிப் படுத்தான் என்று பள்ளிப்பிள்ளைகள்கூடப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஓய்வு பெற்ற கடற்படையினர் விளக்கிச் சொல்கிறார்கள். தங்கவயலில் நடந்தது நேர்மாறு. தண்ணீர் இறைக்கும் பம்புகள் நின்றன. ஷாஃப்டுகளில் தண்ணீர் ஏறியது. கடலுக்கு அடியில் கிடந்தது கரையேறிவிட்டது, மண்ணுக்கு அடியில் இருந்தது நீரில் மூழ்கிவிட்டது. குர்சுராவுக்குள் தலை குனிந்து நுழைவதுபோல உங்கள் தாத்தா வேலை பார்த்த சுரங்க லெவலுக்குள் நீங்கள் நுழைய முடியாது. உங்கள் பிள்ளைகளும் முடியாது. அங்கே போக இனி ஒரே வழி, போய்வந்தவர்களின் நினைவிலிருந்து கட்டியெழுப்பும் பாவனை உலகம்தான்.

அதைத்தான் சினிமா செய்துவிட்டதே என்பீர்கள். 2018-இலும் 2022-இலும் வந்த கே.ஜி.எஃப். படங்கள் உங்கள் ஊரின் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோயின. தங்கம் பிரித்தபின் குவிந்த சயனைட் மேடுகள் திரையில் தீப்பற்றி எரிந்தன. 2024-இல் பா. ரஞ்சித்தின் தங்கலான் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் போய், இந்த மண்ணைத் தோண்டியவர்கள் யார் என்ற கேள்வியைக் கேட்டது. இரண்டின் நோக்கமும் வேறு வேறு. தங்கலானின் கேள்வி மிகவும் தேவையானது. ஆனாலும் சினிமா என்ற கலை வெளிக் கேமராவில் பிறந்தது. கூட்டத்தின் மேல் பறக்கும், நாயகனைச் சுற்றி வரும், வெடிப்பை நான்கு கோணத்தில் காட்டும். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அதன் இயல்பு அப்படி. விளக்கு வட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எட்டு மணி நேரம் நிற்பதை இரண்டரை மணி நேரப் படத்தால் காட்ட முடியாது. காட்டினால் அரங்கு காலியாகிவிடும். அதைச் செய்யக்கூடியது நீங்கள் விரும்பி ஆடுகிற அந்த வகை விளையாட்டுதான். அதனால் என் வேண்டுகோள் இது: நீர்மூழ்கி விளையாட்டில் நீங்கள் கேட்கும் அதே கறாரான நிஜத்தோடு, தங்கவயல் சுரங்கத்தின் ஒரு ஷிப்டை விளையாட்டாகச் செய்யுங்கள்.

முழுச் சுரங்கமும் வேண்டாம். ஒரு ஷாஃப்ட், ஒரு லெவல், தாது வெட்டும் ஒரு ஸ்டோப், நான்கு பேர் போதும். 2019 முதல் கிடைக்கும் வுல்ஃப்பேக் என்ற விளையாட்டில் நண்பர்கள் சேர்ந்து ஒரே நீர்மூழ்கியை ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரிஸ்கோப் ஒருவரிடம், சுக்கான் ஒருவரிடம், ஹைட்ரோஃபோன் ஒருவரிடம். ஒருவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாது. வாயால் சொன்னால்தான் உண்டு. அதே அச்சில் இதையும் வார்க்கலாம். வைண்டிங் எஞ்சின் ஓட்டுகிறவர் முள்ளை மட்டும் பார்க்கட்டும். கேஜ் வாசலில் நிற்பவர் மணியை மட்டும் அடிக்கட்டும். உள்ளே துளை போடுகிறவருக்கு விளக்கு வட்டமும் துளைக்கருவியின் இரைச்சலும் மட்டும் இருக்கட்டும். அந்த இரைச்சல் ஓய்ந்தால்தான் பாறை பேசுவது அவர் காதில் விழும். மேல்பார்வையாளர் யாரை எங்கே அனுப்பினோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். திரையில் வரைபடம் வேண்டாம், உயிரளவு காட்டும் பட்டையும் வேண்டாம். வெப்பத்தை எண்ணில் காட்டாதீர்கள். கை தளர்வதிலும் மூச்சு இரைப்பதிலும் தெரியட்டும். மேலே வந்தபின்தான் மழை பெய்ததா என்று தெரியட்டும். இது தங்கத்தைத் தோண்டி எடுத்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டமாகிவிடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். நூற்று இருபது ஆண்டுகளில் 800 டன் தங்கம் இந்த மண்ணிலிருந்து போயிற்று. அதில் தொழிலாளி தன் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டுக்கு எடுத்துப்போனது எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு வரக்கூடிய முதல் ஆட்சேபம், இப்படி ஒன்றைச் செய்தால் சலிப்புத் தட்டும், யாரும் ஆட மாட்டார்கள் என்பது. ஓரளவு சரிதான். நீர்மூழ்கி விளையாட்டுகளும் எப்போதுமே சிறு கூட்டத்துக்கானவை. நூறு சதவீதத்தில் ஆடுகிறவர்கள் அதிலும் சிலர். ஆனால் அந்தச் சிலர் விடாமல் ஆடுகிறார்கள். இருபது ஆண்டு பழைய விளையாட்டைத் தாங்களே திருத்தி, கப்பல்களின் நீளத்தைக்கூடச் சரிபார்த்துச் செம்மைப்படுத்தியிருக்கிறார்கள். அவர்களைப் பிடித்துவைத்திருப்பது அந்தச் சலிப்புதான். மூன்று நாள் வெறும் கடலைப் பார்த்தவனுக்குத்தான் தொடுவானத்தில் ஒரு புகைக்கீற்று தெரியும்போது நெஞ்சு படபடக்கும். காலத்தை வேகமாக ஓட்டும் வசதி அந்த விளையாட்டுகளிலும் உண்டு. நூறு சதவீதக்காரர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள், அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. எதைச் சுருக்குவது, எதைச் சுருக்காமல் விடுவது என்று தெரிந்திருந்தால் போதும். கேஜ் இறங்கும் நிமிடங்களைச் சுருக்காதீர்கள். வெடிவைத்தபின் புகை அடங்கக் காத்திருப்பதைச் சுருக்குங்கள். இதையெல்லாம் முடிவு செய்ய உங்களுக்கு அந்த வேலை செய்தவர்களின் துணை வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. துன்பத்தை விளையாட்டாக்குவது சரியா? நீங்கள் ஓட்டும் நீர்மூழ்கிகளில் பெரும்பாலானவை நாஜி அரசுக்காகப் போரிட்டவை. அவை மூழ்கடித்தவற்றில் நிராயுதபாணிகள் இருந்த சரக்குக் கப்பல்கள் ஏராளம். அந்தக் கலங்களில் போன சுமார் 40,000 பேரில் ஏறக்குறைய 30,000 பேர் திரும்பவில்லை. இதை யாரும் மழுப்பக் கூடாது. ஆனால் அதிக நிஜம் போரை அழகாக்குகிறதா என்று கேட்டால், என் பதில் இல்லை என்பதுதான். வெளிக் கேமரா இருக்கும்போதுதான் வெடிப்பு வாணவேடிக்கை ஆகிறது. அது அணைந்தபின் எதிரி போடும் ஆழ்வெடிகள் வெறும் சத்தம். எப்போது நிற்கும் என்று தெரியாத சத்தம். அந்த இருட்டில் வீரப் பதாகை எதுவும் பறப்பதில்லை. ஆனாலும் ஓர் எல்லையை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். விளையாட்டில் தோற்றால் மறுபடி தொடங்கலாம். அதைவிட முக்கியம், சில துன்பங்கள் ஷிப்டுக்குள் நடப்பதே இல்லை. 1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது 3402 பேருக்கு, அதாவது நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கும் மேல், சிலிக்கோசிஸ் இருந்தது. கல்தூசு நுரையீரலில் படிந்து, ஆண்டுக்கணக்கில் மூச்சைத் திருடும் நோய் அது. எந்த விளையாட்டின் ஒரு மணி நேரத்துக்குள்ளும் அது அடங்காது. அங்கே நேர்மை என்பது, அடங்காது என்று காட்டுவது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபின் ஆடியவர் கையில் ஒரு மருத்துவ அட்டையைக் கொடுங்கள். இருபது ஆண்டு கழித்து அவருடைய நெஞ்சில் என்ன இருந்தது என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். திரும்பத் தொடங்கும் பொத்தானை அந்தப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மூன்றாவது ஆட்சேபத்தை உங்கள் வீட்டிலேயே கேட்பீர்கள்: ஊரில் வேலை இல்லை, காற்றடித்தால் மேட்டுத்தூசு வீட்டுக்குள் வருகிறது, தினம் நூறு கிலோமீட்டர் ரயிலில் போய்வருகிறோம், இதில் விளையாட்டு ஒரு கேடா? நியாயமான கோபம். ஒரு விளையாட்டு இதில் எதையும் தீர்க்காது. தீர்க்கும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். ஆனால் அந்தக் கோரிக்கைகளுக்கும் இதற்கும் போட்டி இல்லை. கோரிக்கை நாளைக்கும் இருக்கும்; நினைவு இருக்காது. சுரங்கம் மூடும்போது முப்பது வயதில் இருந்த தொழிலாளிக்கு இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. மிக ஆழமான லெவல்களில் இளவயதில் இறங்கியவர்கள் தள்ளாத வயதில் லைன் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் இருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. அவர்கள் பேசுவது வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த பேச்சும், சுரங்கத்து இங்கிலீஷும், கன்னடமும் தெலுங்கும் கலந்து இந்த ஊரிலேயே விளைந்த ஒரு தமிழ். ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு ஆபத்துக்கும் அதில் ஒரு சொல் இருந்தது. அவற்றில் பல எந்த அகராதியிலும் ஏறவில்லை. சுரங்கத்தின் நீள அகலம் அலுவலக வரைபடங்களில் கிடைக்கலாம். பாறை என்ன சத்தம் போட்டால் வேலையை விட்டு விலகுவார்கள் என்பது அந்தத் திண்ணைகளில் மட்டும்தான் இருக்கிறது.

உங்களிடம் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், ஒலிப்பதிவு தெரிந்தவர்கள் இருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எதைக் காட்டக் கூடாது என்று தெரிந்த கண் உங்களிடம் இருக்கிறது. வருடக்கணக்கில் அந்த இரும்புக் குழாய்க்குள் உட்கார்ந்து பழகிய கண் அது. இந்த ஞாயிற்றுக்கிழமை மைன்ஸில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் போங்கள். தங்கத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், விபத்துக் கதையும் கேட்காதீர்கள். அவற்றைச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் பழகியிருக்கும். உள்ளே தொப்பி விளக்கு அணைந்துபோனால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கையை எங்கே வைப்பார், யாரைக் கூப்பிடுவார், எந்தச் சத்தத்துக்குக் காது கொடுப்பார் என்று அவர் சொல்லும் வரிசையை, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் அமைப்புப் பக்கத்தின் முதல் கட்டம். முப்பரிமாண உருவங்களையும் ஒளியமைப்பையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் முயற்சிக்குக் காத்திருக்கும் ஒரு கட்டுரையாளர்